ஏர் கம்ப்ரசர் ஹோஸில் காற்று கசிகிறதா? வீட்டிலேயே சரிசெய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் கார் டயருக்குக் காற்றடிக்க, ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க, மரவேலைக்கு, ஏ.சி. ஃபில்டரைத் தூசி தட்ட என்று 24 லிட்டர், 50 லிட்டர் கம்ப்ரசர் வாங்கி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. இந்த மெஷின்கள் பொதுவாக 8 பார் (சுமார் 116 பி.எஸ்.ஐ.) வரை ஏறி நிற்கும். கீழே சொல்லும் ரிப்பேர் முறைகள் அந்த அழுத்தத்துக்கு உட்பட்ட ரப்பர், நூல் பின்னிய பி.வி.சி., பி.யு. (பாலியூரித்தேன்) ஹோஸ்களுக்குத்தான்.

கசிவு ஹோஸில்தானா, கம்ப்ரசரிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஹோஸை வெட்டுவதற்கு முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நல்ல ஹோஸை வெட்டிவிட்டு, பிறகு கசிவு டேங்க் பக்கம் என்று கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

டேங்கை முழுதாக நிரப்பி, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அவுட்லெட் வால்வை மூடி ஹோஸைக் கழற்றுங்கள். கால் மணி நேரம் காத்திருந்து டேங்க் கேஜில் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே குறிக்கக் கூடாது. அழுத்தப்பட்ட காற்று சூடாக இருக்கும். அது ஆறும்போது கசிவே இல்லாவிட்டாலும் கேஜ் கால் முதல் அரை பார் வரை இறங்கும். ஆறிய பிறகு இன்னொரு அரை மணி நேரம் விடுங்கள். முள் அசையவில்லை என்றால் டேங்க் பக்கம் சுத்தம். இப்போது ஹோஸை மாட்டி, முனையில் மாட்டிய காற்றடிக்கும் கன் மூடியிருக்க, வால்வைத் திறந்து அதே சோதனையைச் செய்யுங்கள். இப்போது இறங்கினால் குற்றவாளி ஹோஸ், கப்ளர் (ஹோஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு), கன் இந்த மூன்றில் ஒன்று.

ஹோஸ் இல்லாமலே முள் இறங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள்: அடியில் தண்ணீர் வடிக்கும் டிரெயின் காக், சேஃப்டி வால்வு, பிரஷர் சுவிட்சின் அடியில் இருக்கும் சிறு வால்வு. மோட்டார் நின்றவுடன் அந்தச் சிறு வால்வில் ஓரிரு வினாடி 'புஸ்' என்று சத்தம் வருவது இயல்பு. பம்பின் தலையில் மிஞ்சிய காற்றை வெளியேற்றுகிறது. சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டேங்க் வாசலில் உள்ள, காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக அமரவில்லை என்று பொருள். அதற்கும் ஹோஸுக்கும் சம்பந்தமில்லை.

டேங்க் நிரம்ப கேட்டலாக்கில் சொன்னதைவிட நேரமாகிறது. இது கசிவா?

கொஞ்சம் கூடுதலாக ஆவது ஊரின் உயரத்தால். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிவு. அதனால் நிரம்பும் நேரமும் அந்த அளவுக்கு நீளும். கேட்டலாக்கில் 3 நிமிடம் என்றால் மூன்றே கால், மூன்றரை நிமிடம் ஆனால் கவலை வேண்டாம். 5 நிமிடம் ஆனால் தேட வேண்டும்.

சின்னக் கசிவுதானே, அப்படியே விட்டால் என்ன?

1 மி.மீ. துளை வழியாக 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் காற்று போய்விடும். வீட்டு 1 எச்.பி. கம்ப்ரசர் தருவதில் பாதிக்கு மேல் அந்தத் துளையே விழுங்கிவிடும். சின்ன கம்ப்ரசர்கள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஓடி, நின்று, ஆறி, மறுபடி ஓட வேண்டும். கசிவு இருந்தால் ஆறும் நேரம் கிடைக்காது. மோட்டார் சூடேறி ஓவர்லோட் டிரிப் ஆகும், பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். ஸ்ப்ரே கன்னில் அழுத்தம் ஏறி இறங்கி பெயின்ட் திட்டுத்திட்டாக விழும்.

ஹோஸின் உடம்பில் உள்ள கசிவு வளரவும் செய்யும். கப்ளரில் மெல்லிய குமிழி வருவதை ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடலாம். நடு ஹோஸில் விரிசலோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிக்க நல்ல வழி எது?

சோப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட், நுரை பொங்காமல் மெதுவாகக் கலக்குங்கள். கலக்கும்போதே நுரை வந்துவிட்டால் புதுக் குமிழி எது, பழைய நுரை எது என்று தெரியாது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடவுங்கள். வெளிவரும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரை 4 பார் அளவில் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் பெரிய கசிவு குமிழி விடாமல் தண்ணீரைச் சிதறடித்துவிடும்.

முதலில் இரண்டு முனைகளையும் தடவுங்கள். கப்ளர், கிளிப், மரை இந்த மூன்றும் இருக்கும் அந்த ஓரிரு அங்குலத்தில்தான் பெரும்பாலான கசிவுகள் அகப்படும். அங்கே இல்லை என்றால் ஹோஸை அரை மீட்டர் அரை மீட்டராக, மெல்ல வளைத்துக்கொண்டே பாருங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கொண்டு, வளைத்தால் திறக்கும் விரிசல்கள் உண்டு.

விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையிலிருந்து வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை வீங்கி ஆபரேஷன் வரை போகும்.

குமிழி வரும் இடத்தில் துளையே தெரியவில்லை. ஏன்?

ரப்பர் ஹோஸும் பின்னல் பி.வி.சி.யும் ஒரே சுவர் அல்ல. உள்ளே ஒரு குழாய், நடுவில் நூல் பின்னல், மேலே உறை என்று மூன்று அடுக்கு. உள்குழாயில் ஓர் இடத்தில் விரிசல் விட்டால் காற்று நூலின் இடுக்கு வழியே ஊர்ந்து, மேலுறை எங்கே பலவீனமோ அங்கே வெளிவரும். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர்கூடத் தள்ளியிருக்கலாம். சில ரப்பர் ஹோஸ்களில் இப்படிச் சிக்கும் காற்று வெளியேறட்டும் என்று மேலுறையில் ஊசித்துளைகளே போட்டிருப்பார்கள்.

முனையில் ஹோஸ் சரியாக வெட்டப்படாமல் நிப்பிளின் (ஹோஸுக்குள் நுழையும் குழல் முனை) மேல் பாதியில் நின்றிருந்தாலும் இதேதான் நடக்கும். வெட்டுமுகத்தின் வழியே காற்று நூல் அடுக்குக்குள் புகுந்துவிடும். ஆகவே பல இடங்களில் புள்ளிப் புள்ளியாகக் குமிழி வந்தால் முதலில் முனையை 5 செ.மீ. வெட்டி, புதிதாக மாட்டிப் பாருங்கள். அதற்கும் நிற்காமல், மேலுறை கொப்புளமாக எழும்பினால் அந்த ஹோஸின் ஆயுள் முடிந்தது. அதை ஒட்டுப்போட வழியில்லை.

இன்சுலேஷன் டேப், எம்-சீல், ஃபெவிக்விக், சைக்கிள் டியூப் சுற்றினால் நிற்காதா?

நிற்காது. 8 பாரில் ஹோஸ் லேசாக உப்பும், அழுத்தம் இறங்கினால் சுருங்கும். இது ஒவ்வொரு தடவையும் நடக்கும். எம்-சீல் காய்ந்தால் கல். உப்பும் ரப்பரோடு சேர்ந்து அசையாது, விளிம்பில் பிட்டுக்கொள்ளும். ஃபெவிக்விக் காய்ந்த இடம் வளையாமல் உடையும். இன்சுலேஷன் டேப்பின் பசை காற்றழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினால் சத்தம் மட்டும் அடங்கும். காற்று நூல் அடுக்குக்குள் திரும்பி வேறு இடத்தில் வரும். இதில் பெரிய கெடுதல், சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு அந்த ஹோஸைத் தொடர்ந்து பயன்படுத்துவது.

வெட்டி எடுத்துவிட்டு, பித்தளை ஜாயினர் போடுவதுதான் ரிப்பேர். ஜாயினரும் இரண்டு கிளிப்பும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு மசால் தோசை விலைக்குள் முடிந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் அணைத்தால் போதாது. பல மெஷின்கள் அழுத்தம் இறங்கியதும் தானே ஓடத் தொடங்கும். அவுட்லெட் வால்வை மூடி, கன்னை அழுத்தி ஹோஸில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். ரெகுலேட்டர் கேஜ் பூஜ்யம் காட்ட வேண்டும். காற்று இருக்கும்போது கிளிப்பைத் தளர்த்தினால் ஹோஸ் முனை பித்தளைத் துண்டோடு சாட்டை மாதிரி வீசும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

என் ஹோஸின் அளவு என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே அச்சிட்டிருந்தால் அதையே நம்புங்கள். அழிந்துபோயிருந்தால் வெட்டிய முனையில் டிரில் பிட்டின் அடிப்பக்கத்தை நுழைத்துப் பாருங்கள். 8 மி.மீ. பிட் லேசாக உரசிக்கொண்டு போனால் உள்விட்டம் 8 மி.மீ.

இங்கே குழப்பம் ஒன்று உண்டு. ரப்பர், பின்னல் ஹோஸ்களை உள்விட்டத்தால் சொல்வார்கள்: 6, 8, 10, 12 மி.மீ. என்று. பி.யு. டியூபை வெளிவிட்டத்தால் சொல்வார்கள். '8 மி.மீ. பி.யு.' என்றால் வெளியே 8, உள்ளே 5, '10 மி.மீ. பி.யு.' என்றால் வெளியே 10, உள்ளே 6.5. மரைகளோ மூன்றாவது கணக்கு: கால் இஞ்ச் மரையை வெர்னியரில் அளந்தால் வெளிவிட்டம் 13 மி.மீ.க்குச் சற்று மேல் வரும், முக்கால் வாசிப் பேர் அதை அரை இஞ்ச் என்று நினைத்து வாங்கி வருவார்கள். அரை இஞ்ச் மரை 21 மி.மீ.க்கு ஒரு நூலிழை குறைவு. சந்தேகமாக இருந்தால் வெட்டிய துண்டையும் பழைய ஃபிட்டிங்கையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

ரப்பர் அல்லது பின்னல் பி.வி.சி. ஹோஸை எப்படி வெட்டி இணைப்பது?

தேவையானவை: உள்விட்டத்துக்குப் பொருந்தும் பித்தளை ஹோஸ் ஜாயினர் ஒன்று (இருபுறமும் வரிவரியாக விளிம்பு இருக்கும்), கிளிப் இரண்டு, புது பிளேடு போட்ட கட்டர், ஸ்க்ரூடிரைவர் அல்லது 7 மி.மீ. சாக்கெட், ஒரு டம்ளர் சுடுதண்ணீர்.

கெட்ட இடத்தின் இருபுறமும் குறைந்தது 3 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே நீளமாக இருக்கும். வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள்: உள்குழாய் வட்டமாக, நூல் சீராக, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். நகத்தால் கிளறினால் அடுக்குகள் பிரிந்து வந்தால் இன்னும் 5 செ.மீ. வெட்டுங்கள். மூன்று தடவை வெட்டியும் பிரிந்துகொண்டே வந்தால் ஹோஸையே மாற்றிவிடுங்கள்.

வெட்டு செங்குத்தாக இருக்க வேண்டும். ஹோஸை மரக்கட்டையின் மேல் வைத்து ஒரே அழுத்தில் வெட்டுங்கள். ஹேக்சா பிளேடு வேண்டாம். அது நூலைப் பிசிறாக இழுத்து விடும், ரப்பர் துகளும் உள்ளே போய்ப் பிறகு கன்னின் துளையை அடைக்கும்.

இரண்டு கிளிப்களையும் முதலிலேயே ஹோஸில் கோத்துவிடுங்கள். பி.வி.சி. என்றால் முனையைச் சுடுதண்ணீரில் அரை நிமிடம் வையுங்கள். கை பொறுக்காத சூடு போதும், கொதிக்க வேண்டாம். லைட்டரால் காட்டக் கூடாது, பி.வி.சி. கருகி உள்சுவர் மெலிந்துவிடும். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். எண்ணெய், கிரீஸ் தடவாதீர்கள். மாட்டும்போது சுகமாக வழுக்கும், மாட்டிய பிறகும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

நிப்பிளை நேராக, லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். எல்லா வரிகளும் உள்ளே போய், ஹோஸின் முனை ஜாயினரின் நடு விளிம்பில் முட்ட வேண்டும். பாதியில் நிற்பதுதான் வீட்டு ரிப்பேர்களில் அதிகம் நடக்கும் பிழை. கையால் சுலபமாக, எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனாலும் அளவு தவறு: 8 மி.மீ. நிப்பிளை 10 மி.மீ. ஹோஸில் போட்டுவிட்டு கிளிப்பை இறுக்கி ஈடுகட்ட முடியாது.

கிளிப்பின் விளிம்பு ஹோஸ் முனையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி, நிப்பிள் வரிகளின் மேல் அமர வேண்டும். வரிகளைத் தாண்டி வெறும் ஹோஸின் மேல் போட்டால் கழுத்தை நெரிப்பதுதான் மிச்சம்.

கிளிப்பை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கிளிப் பட்டையின் இருபுறமும் ரப்பர் லேசாகப் புடைத்து எழும்பும் வரை. பட்டையில் உள்ள வெட்டுகள் வழியே ரப்பர் பிதுங்கி வந்தால் அளவை மீறிவிட்டீர்கள். அங்கே ரப்பர் அறுபட்டு சில வாரத்தில் அதே இடத்தில் கசியும். ரப்பர் அழுத்தத்துக்குப் பழகிச் சற்றுத் தளர்வது இயல்பு. அதனால் மறுநாள், காற்றை வெளியேற்றிவிட்டு, கால் சுற்று இறுக்குங்கள். இதைச் செய்யாததால்தான் 'போன வாரம்தான் மாட்டினேன், மறுபடி கசிகிறது' என்ற புகார் வருகிறது.

ஹோஸின் வெளிவிட்டம் 12 மி.மீ.க்குக் கீழே என்றால் திருகு கிளிப் சரிப்படாது. அவ்வளவு சிறிய வட்டத்தில் திருகு இருக்கும் இடத்துக்கு அடியில் பட்டை தட்டையாக நிற்கும், அந்த இடைவெளியில் காற்று வரும். அங்கே காது வைத்த கிளாம்ப் போட்டு, அந்தக் காதைக் குறடால் கிள்ளி இறுக்குவதே நல்லது. வாங்கும்போது ஹோஸின் வெளிவிட்டத்தைச் சொல்லி வாங்குங்கள். கம்பியைச் சுற்றி முறுக்குவது எந்த அளவு ஹோஸுக்கும் கூடாது. கம்பி ரப்பரை அறுக்கும்.

பி.யு. டியூபுக்கும் இதே முறையா?

இல்லை. பி.யு. வழுவழுப்பானது, விறைப்பானது; திருகு கிளிப்பில் நிலையாக நிற்காது. அதற்கு 'புஷ்' கனெக்டர் அல்லது நட்டு வைத்த ஃபிட்டிங்.

புஷ் கனெக்டர்: டியூபைச் செங்குத்தாக வெட்டுங்கள். முனையிலிருந்து 2 செ.மீ. வரை வெளிப்பரப்பில் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அந்தப் பரப்பில்தான் அமர்ந்து காற்றை அடைக்கிறது. நகம் பட்டால் தெரிகிற கீறல் இருந்தாலும் மேலும் வெட்டுங்கள். 8 மி.மீ. டியூப் சுமார் 17, 18 மி.மீ. உள்ளே போக வேண்டும். மார்க்கரால் அந்த அளவில் கோடு போட்டுக்கொண்டு தள்ளினால் ஏமாற மாட்டீர்கள். தள்ளும்போது முதலில் ஒரு தடை வரும், அது பல் வளையம். அதைத் தாண்டி இன்னொரு தடை, அது ஓ-ரிங். அதையும் தாண்டி முட்ட வேண்டும். முதல் தடையிலேயே நிறுத்தினால் கையால் இழுத்தால் வராது, ஆனால் காற்று கசியும். மாட்டியபின் பலமாக இழுத்துப் பாருங்கள். கழற்றும்போது அழுத்தம் பூஜ்யமாக இருக்கட்டும். வளையத்தை உள்ளே அமுக்கிக்கொண்டே டியூபை உருவுங்கள்.

இந்த கனெக்டர்கள் பெரும்பாலும் 10 பார் வரைக்கும், 60 டிகிரி வெப்பம் வரைக்கும் செய்யப்பட்டவை. வெயிலில் நிற்கும் காரின் பானெட்டின் மேல் கிடத்தாதீர்கள்.

சுருள் பி.யு. ஹோஸ் கிட்டத்தட்ட எப்போதும் சுருள் முடிந்து நேராகும் வால் பகுதியில்தான் உடையும். அங்கே ஜாயினர் போட்டால் அதே இடத்தில் மறுபடி மடங்கும். உடைந்த வாலை வெட்டிவிட்டு, ஒரு சுருளை விரித்து நேராக்கி, கப்ளரை அங்கே மாட்டுங்கள். நட்டு, ஸ்பிரிங் இரண்டையும் முதலில் டியூபில் கோத்துவிட்டு, பிறகு டியூபைத் தண்டின் மேல் அடிவரை ஏற்றி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் அரைச் சுற்று கொடுங்கள். அந்த ஸ்பிரிங்கைத் தேவையில்லாத அலங்காரம் என்று எறிந்துவிடாதீர்கள்; கழுத்தில் டியூப் மடங்காமல் காப்பது அதுதான்.

கப்ளரில் கசிகிறது. ஹோஸை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கப்ளருக்கு இரண்டு பாதி: வால்வு வைத்த சாக்கெட், அதில் நுழையும் பிளக் (கரண்ட் பிளக் அல்ல). எந்த நிலையில் கசிகிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

பிளக் மாட்டாதபோது சாக்கெட்டின் வாயிலிருந்து கசிந்தால், உள்ளே இருக்கும் வால்வின் இருக்கையில் மண்ணோ துருவோ சிக்கியிருக்கிறது. பிளக்கை நான்கைந்து தடவை வேகமாக மாட்டிக் கழற்றுங்கள். காற்றே தூசியைத் தள்ளிவிடும். போகவில்லை என்றால் வால்வின் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கும், சாக்கெட்டை மாற்றுங்கள்.

பிளக் மாட்டியபின் மட்டும் கசிந்தால் சாக்கெட்டின் உள்ளே உள்ள சீல் வளையம் அல்லது பிளக்கின் மூக்கு. வேறொரு புதுப் பிளக்கை மாட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் பழைய பிளக்கின் மூக்கு தேய்ந்திருக்கிறது அல்லது தரையில் விழுந்து நசுங்கியிருக்கிறது. நிற்கவில்லை என்றால் சீல். சில சாக்கெட்டுகளில் சீலைத் தனியாக மாற்றலாம். மலிவு ரகங்களில் முழு சாக்கெட்டையும் மாற்றுவதே சுலபம்.

இரண்டும் புதிதாக இருந்தும் ஆட்டம் கொடுத்துக் கசிகிறதா? ரகம் பொருந்தவில்லை. இங்கே கடைகளில் அதிகம் புழங்குவது ஜப்பானிய வடிவக் கப்ளர்: 20 எஸ்.எம்., 20 பி.ஹெச். என்று பெயரிருக்கும். அதில் எஸ் என்றால் சாக்கெட், பி என்றால் பிளக். எம் வெளிமரை, எஃப் உள்மரை, ஹெச் ஹோஸில் நுழைக்கும் நிப்பிள். 20 என்றால் கால் இஞ்ச், 30 என்றால் 3/8 இஞ்ச், 40 என்றால் அரை இஞ்ச். இறக்குமதி கம்ப்ரசர்கள் சிலவற்றில் ஐரோப்பிய வடிவம் வரும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மூக்கின் நீளமும் பூட்டும் பள்ளமும் வேறு. கலந்து மாட்டாதீர்கள், வேலையின் நடுவில் பிடுங்கிக்கொண்டு பறக்கும்.

மாதம் ஒருமுறை பிளக்கின் மூக்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சீல் நீண்ட நாள் உழைக்கும். பெயின்ட் அடிக்கும் ஹோஸுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்: எண்ணெய்த் துளி காற்றோடு போய் பெயின்ட்டில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நிற்கும்.

மரையில் கசிவு. டெஃப்லான் டேப்பை எப்படிச் சுற்றுவது?

பழைய டேப்பை முழுக்கச் சுரண்டி எடுங்கள். மரையின் முனை உங்களைப் பார்க்க, கடிகார முள் ஓடும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்து உருளும். முதல் மரையை விட்டுவிட்டு, மூன்று நான்கு சுற்று, இழுத்துப் பிடித்துக்கொண்டு. முதல் மரையை விடுவது பிசிறு உள்ளே போய் ரெகுலேட்டரை அடைக்காமலிருக்க.

ரப்பர் வாஷர் அல்லது ஓ-ரிங் வைத்து அடைக்கும் ஃபிட்டிங்குக்கு டேப் வேண்டாம். மூன்று நான்கு சுற்றுக்குப் பதில் டேப்பைப் பத்துச் சுற்று சுற்றி முரட்டுத்தனமாக இறுக்கினால் ரெகுலேட்டரின் அலுமினிய உடம்பு வெடித்துவிடும், பிறகு ரெகுலேட்டருக்கே செலவு. கையால் இறுகியபின் ஸ்பேனரால் ஒன்றிலிருந்து இரண்டு சுற்று போதும். இரண்டு மரை ஏறியதும் திடீரென்று இறுகினால் நிறுத்துங்கள். இந்திய மரை பி.எஸ்.பி., அமெரிக்க மெஷினில் என்.பி.டி.; கால் இஞ்சில் முதலாவது அங்குலத்துக்கு 19 மரை, இரண்டாவது 18. எவ்வளவு டேப் சுற்றினாலும் அவை ஒத்துப்போகாது.

ஒரே ஹோஸில் எத்தனை ஜாயினர் போடலாம்?

10 மீட்டருக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. ஹோஸுக்கான ஜாயினரின் உள்துளை அதைவிடக் குறுகல். ஒவ்வொன்றும் ஓட்டத்தைக் கொஞ்சம் நெரிக்கும். டயருக்குக் காற்றடிக்க அது தெரியாது. ஸ்ப்ரே கன்னிலும் இம்பாக்ட் ரென்ச்சிலும் நன்றாகவே தெரியும். மூன்றாவது இடத்தில் விரிசல் விடுகிற ஹோஸ் மொத்தமாகவே மூப்படைந்துவிட்டது, நான்காவதும் வரும்.

வீட்டில் இருக்கும் கேஸ் குழாய், தோட்டத்துக் குழாய், வெள்ளை பி.வி.சி. பைப்பைப் பயன்படுத்தலாமா?

மூன்றும் கூடாது. சமையல் கேஸ் ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். அதற்கான குழாயில் 8 பார் என்பது இருநூற்றைம்பது மடங்குக்கும் மேல். தோட்டத்துக் குழாய் உப்பி வெடிக்கும்.

வெள்ளை பி.வி.சி. பைப் மிக மோசம். தண்ணீர் பைப் உடைந்தால் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். காற்று அழுத்தப்பட்ட நிலையில் சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். அதே பைப்பில் காற்று நிரம்பி உடைந்தால் பைப் கூரிய சில்லுகளாகச் சிதறும். பைப்பின் மேல் '10 கிலோ' என்று போட்டிருப்பது தண்ணீருக்கான கணக்கு. பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து மேலே லைன் இழுக்கிறேன் என்று இதைப் போட வேண்டாம்.

பம்பிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் கசிவு. அங்கே ஹோஸ் போடலாமா?

கூடாது. அழுத்தப்பட்ட காற்று பம்பை விட்டு வரும்போது 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும், பி.யு.வும் பி.வி.சி.யும் இளகிவிடும். அதனால்தான் அங்கே செம்பு அல்லது அலுமினியக் குழாய். நட்டைச் சற்று இறுக்கிப் பாருங்கள், இல்லையேல் அதே மாடலின் குழாயை வாங்குங்கள். டேங்க்கிலேயே துருப்பிடித்துக் கசிந்தால் வெல்டிங் வைக்காதீர்கள். உள்ளே சுவர் எங்கெங்கே மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. டேங்கைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ரிப்பேர் செய்தும் அதே இடத்தில் மறுபடி மறுபடி போகிறதே?

கப்ளரை ஒட்டி என்றால் ஹோஸின் எடை முழுதும் அந்தக் கழுத்தில் தொங்குகிறது. அவுட்லெட்டிலிருந்து ஹோஸ் கீழ்நோக்கி இறங்கும்படி ஒரு எல்போ போடுங்கள், அல்லது அரை மீட்டர் தள்ளி ஒரு கொக்கியில் தாங்கிவிடுங்கள். கன்னுக்கு அருகில் என்றால் கனமான ரப்பருக்குப் பதில் கடைசி ஒரு மீட்டரை பி.யு.வாக வையுங்கள்.

நடுவில் போகிறது என்றால் கார் டயர் ஏறுகிறதா, ஆணியில் சுற்றி வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஆணியில் தொங்கவிட்டால் எல்லா எடையும் ஒரே மடிப்பில் விழும். பழைய ஸ்கூட்டர் ரிம்மைச் சுவரில் அடித்து அதில் சுற்றுங்கள். பல்தடம் இருந்தால் பெருச்சாளி, பேஸ்மென்ட்களில் இது சகஜம். ஹோஸை உயரத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை.

பி.யு. டியூப் பழுத்து மஞ்சளாகி, பிசுபிசுத்து, வளைத்தால் வெடிப்பது ஈரமும் சூடும் சேர்ந்து செய்யும் வேலை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை, மழைக்காலம் முழுக்க, டேங்க்கில் தண்ணீர் நிறையச் சேரும். வேலை முடிந்ததும் டிரெயின் காக்கைத் திறந்து வடித்துவிடுங்கள், ஹோஸிலும் தண்ணீர் தேங்காமல் இருக்கும்.

பெங்களூரில் இந்தச் சாமான்கள் எங்கே கிடைக்கும்?

ஜாயினர், கிளிப், கப்ளர், டெஃப்லான் டேப் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும், கே.ஆர். மார்க்கெட் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள். டயர் கேஜ், காற்றடிக்கும் கன் போன்றவற்றுக்கு ஜே.சி. ரோடு. நல்ல கம்பெனி பி.யு. டியூப், புஷ் கனெக்டர், மெஷினில் வைத்து நசுக்கிப் பொருத்தும் ஃபெரூல் முனை வேண்டுமென்றால் பீன்யா பக்கம். கிளிப்பைவிட ஃபெரூல் முனை உறுதியானது. தினமும் ஹோஸைப் பயன்படுத்துகிறவர்கள் வீட்டில் ஜாயினர் போட்டுவிட்டு மெனக்கெடுவதைவிட, முனையை அங்கே நசுக்கி வாங்குவது மேல்.

கடையில் வெறுமனே 'கம்ப்ரசர் பைப்புக்கு ஜாயின்ட்' என்று கேட்காதீர்கள். தமிழிலோ கன்னடத்திலோ கேளுங்கள், நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள்: ரப்பரா பி.யு.வா, உள்விட்டம், வெளிவிட்டம், மரை என்றால் அளவும் உள்மரையா வெளிமரையா என்பதும். ஜாயினர் பித்தளையாக இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் பூச்சு, டேங்க் ஈரத்தில் துருப்பிடிக்கும். புது ஹோஸ் வாங்கினால் வேலை அழுத்தம் என்று அச்சிட்ட எண்ணைப் பாருங்கள், வெடிக்கும் அழுத்தத்தை அல்ல. 8 பார் மெஷினுக்கு 15 அல்லது 20 பார் வேலை அழுத்தம் உள்ள ஹோஸ் நிம்மதியாக உழைக்கும்.

ரிப்பேர் முடிந்தது. நேராக 8 பார் ஏற்றலாமா?

படிப்படியாக ஏற்றுங்கள். இணைத்த இடத்தின் மேல் பழைய கனமான துணியோ கோணியோ போட்டு, அவுட்லெட் வால்வை மெதுவாகத் திறந்து 2 பார். ஜாயினர் நகர்கிறதா என்று பார்க்க, ஹோஸ் முனையை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டிருங்கள். 2 பாரில் சோப்புத் தண்ணீர். சரி என்றால் 4, பிறகு வேலை செய்யும் அழுத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம். கோட்டிலிருந்து ஹோஸ் 1 மி.மீ. நகர்ந்திருந்தாலும் காற்றை இறக்கிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்; அது முழுதாகக் கழன்று வரத்தான் போகிறது. கடைசியில், முதல் கேள்வியில் சொன்ன அரை மணி நேரக் கேஜ் சோதனையை ஹோஸோடு ஒருமுறை செய்துவிட்டு கன்னைக் கையில் எடுங்கள்.